கொடைக்கானல்: ஏரியும் மேல்மலையும்
வாசகர் கேள்வி - பதில்

சீசன் நெருங்கும்போது கொடைக்கானலைப் பற்றிக் கேட்டு வரும் கடிதங்களில் முக்கால்வாசி ஏரியையும் படகையும்தான் விசாரிக்கின்றன. இந்த முறை பூண்டு, முயல், வாழை, மலைப்பாதை என்று கேட்டவர்களுக்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம். ஏரியை ஒரு காலை நேரத்தில் சுற்றி முடித்துவிடலாம். பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலைக் கிராமங்கள் அப்படியல்ல.

கொடைக்கானல் ஏரி இயற்கையாக உருவானதா? எவ்வளவு ஆழம்? ஊருக்குக் குடிநீர் இதிலிருந்துதான் வருகிறதா?
(மதுரை வாசகர்)

இயற்கை ஏரி இல்லை, கரை போட்டுத் தேக்கியது. அந்த இடம் முன்பு மூன்று ஓடைகள் வந்து சேரும் சதுப்பு நிலம். மதுரை ஆட்சியராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடைகளை மறித்து ஏரியாக்கினார். முதல் படகுகளைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தவரும் அவரே. அப்போது மலைக்கு வண்டிச் சாலை கிடையாது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்தப் படகுகளின் பாடு புரியும்.

பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். சராசரி ஆழம் 3 மீட்டர், ஆழமான இடத்தில் 11 மீட்டர் வரை இருக்கும். நட்சத்திர வடிவம் என்கிறார்களே, அதை யாரும் திட்டமிட்டுச் செதுக்கவில்லை. தண்ணீர் ஏறியபோது சுற்றியிருந்த சிறு பள்ளங்களுக்குள்ளும் புகுந்து நின்றது, அவ்வளவுதான். அந்த நட்சத்திரக் கைகளின் நுனியில்தான் தொந்தரவும். ஊருக்குள்ளிருந்து மழைநீரோடு வண்டலும் கழிவும் முதலில் வந்து படிவது அங்கே. ஆழம் குறைவு, வெயில் தரை வரை இறங்கும், சத்தும் சேர்கிறது. எனவே நீர்ச்செடி அங்கிருந்துதான் கிளம்புகிறது. மேலே மிதப்பதை மட்டும் அள்ளிக்கொண்டிருந்தால் அடுத்த பருவத்தில் திரும்பவும் முளைக்கும். வரத்து வாய்க்கால்களைச் சரிசெய்யாத வரை வேலை முடியாது.

குடிநீர் இந்த ஏரியிலிருந்து வருவதில்லை. மனோரத்தினம் சோலை அணையும் குண்டாறுத் திட்டமும்தான் நகருக்குக் குடிநீர் தருகின்றன. ஏரி நிரம்பி வழியும் தண்ணீர், மலையேறும் சாலையில் ஊருக்குச் சுமார் 8 கி.மீ. முன்பாக வெள்ளி அருவியாக விழுகிறது. உயரம் 180 அடி. படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊரின் நடுவிலுள்ள ஏரியைக் கடந்து வரும் தண்ணீர் என்பதால் குடிக்கவோ முகம் கழுவவோ வேண்டாம்.

பெடல் படகா, துடுப்புப் படகா? குழந்தைகளோடு போகிறோம்.
(திருச்சி வாசகி)

குழந்தைகள் இருந்தால் படகோட்டியோடு வரும் துடுப்புப் படகு. பெடல் படகு இளவட்டங்களுக்குச் சரி, ஆனால் அரை மணி நேரத்தில் தொடை பிடித்துக்கொள்ளும். பாதியில் கைவிட்டால் மீதித் தூரம் யார் மிதிப்பது? எதுவானாலும் காலையிலேயே ஏறிவிடுங்கள். பிற்பகலில் காற்று எழுந்தால் இலேசான பெடல் படகு ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகும்.

மிதிசக்கரம் திடீரென்று இறுகினால் அடியில் செடி சுற்றியிருக்கிறது என்று பொருள். முன்னோக்கி அழுத்தி மிதித்தால் இன்னும் சுற்றும். பின்னோக்கி நாலைந்து சுற்று மிதித்து, செடி தளர்ந்ததும் ஆழமான பக்கம் திருப்புங்கள். நடுநீரில் எழுந்து இடம் மாறுவதும், கைப்பேசியில் படம் எடுக்க எல்லோரும் ஒரே ஓரத்தில் சாய்வதும்தான் ஆபத்து. மிதவைச் சட்டையின் பட்டைகளைப் போட்டு இறுக்காமல் தோளில் மாட்டிக்கொள்வதில் பயனில்லை. தண்ணீரில் விழுந்தால் அது மட்டும் மேலே போய்விடும்.

இ-பாஸ் இன்னும் தேவையா?
(சேலம் வாசகர்)

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல், வாகனங்கள் இணையத்தில் பதிந்து அனுமதி பெறும் இந்த நடைமுறை உள்ளது. கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இ-பாஸ் வேண்டாம். வாகன எண், எத்தனை பேர், வரும் நாள், தங்கும் இடம் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பதிவு செய்யுங்கள். கிளம்பும் முன் அன்றைய விதியை அரசின் இ-பாஸ் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சீசனுக்குச் சீசன் மாறுகிறது.

மலைப்பூண்டு என்று சொல்லி எதையோ தலையில் கட்டுகிறார்கள். அசலை எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் எவ்வளவு நாள் தாங்கும்?
(திண்டுக்கல் வாசகி)

கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால், பூண்டி, வில்பட்டி வட்டாரங்களில் விளைவது. ஏரிக்கரைக் கடையில் கூடையில் கிடப்பதெல்லாம் அங்கிருந்து வந்ததல்ல. வடக்கேயிருந்து வரும் பெரிய பல் பூண்டும் ‘மலைப்பூண்டு’ என்றே விலை போகிறது.

முதலில் தாளைப் பாருங்கள். கிராமத்தில் அறுவடையானதும் தாளோடு கட்டுக்கட்டாக முடிந்து, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிட்டுப் புகை காட்டுவார்கள். அப்படி வந்த பூண்டில் மேல்தோல் இலேசாகப் பழுப்பேறி, மூக்கருகே கொண்டுபோனால் புகை வாசனை அடிக்கும். தாளை ஒட்ட நறுக்கி, பளிச்சென்று வெள்ளையாகச் சுத்தம் செய்து வலைப்பையில் வந்தால் சந்தேகப்படுங்கள். அடுத்து ஒரு பல்லை உரித்து நசுக்கிப் பாருங்கள். காரமும் நெடியும் சட்டென்று ஏற வேண்டும், விரலில் பிசுபிசுப்பு ஒட்ட வேண்டும். அசல் பூண்டு அளவில் ஒன்றும் பிரமாதமாக இருக்காது. ஒரு பூண்டு 20 முதல் 30 கிராம்தான் நிற்கும். முஷ்டி அளவுக்கு இருந்தால் வேறு ஊர்ச் சரக்கு.

புகை காட்டிய பூண்டு ஏறக்குறைய ஓராண்டு தாங்கும் என்பது மேல்மலைக் கணக்கு. அது மேல்மலைக் குளிருக்கும் பரணுக்கும் சரி. உங்கள் ஊரில் அதே கட்டைக் காற்றோடும் இடத்தில் தொங்கவிட்டால் பல மாதம் வரும். பிளாஸ்டிக் பையில் முடிந்து வைத்தால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் முளை விட்டுவிடும். முளை விடுவதற்குக் குளிர்தானே அதற்கு அடையாளம்.

மொத்தமாக வாங்க நினைப்பவர்கள் பெரியகுளம் பக்கத்திலுள்ள வடுகபட்டி பூண்டுச் சந்தைக்குப் போகலாம். மேல்மலைப் பூண்டு ஏலத்துக்கு இறங்கும் இடம் அதுதான். வெளியூர்ப் பூண்டும் அங்கே வரும் என்பதால் மேலே சொன்ன சோதனை அங்கும் பொருந்தும்.

வத்தலக்குண்டு அடிவாரத்தில் ஒரு ஏக்கர் இருக்கிறது. மலைப்பூண்டு போடலாமா?
(வத்தலக்குண்டு வாசகர்)

வேண்டாம். தாள் தழைத்து வரும், கீழே திரளாது. பூண்டு பல் பிரிவதற்கு இளம் பருவத்தில் குளிர் வேண்டும். அது கிடைக்காவிட்டால் வெங்காயம் போல ஒற்றைப் பல்லாக நின்றுவிடும், அல்லது வெறும் தாளோடு முடிந்துவிடும். விதைப்பூண்டு விலைக்கு அது கட்டுப்படியாகாது.

மேல்மலையில் நிலம் வைத்திருக்கும் வாசகர்கள் இருவரும் முறையைக் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காக:

வைகாசியை ஒட்டி ஒரு போகம், கார்த்திகையை ஒட்டி ஒரு போகம். ஏக்கருக்கு 200 முதல் 240 கிலோ விதைப்பூண்டு பிடிக்கும். பற்களை நடுகிற அன்றோ முதல் நாளோதான் உடைக்க வேண்டும். வாரக்கணக்கில் உதிர்த்து வைத்தால் அடித்தட்டு காய்ந்து, வேர் விடுவது தாமதமாகும். வெளிச்சுற்றிலுள்ள பருத்த பற்களை மட்டும் விதைக்கு எடுங்கள், நடுவிலுள்ள மெல்லிய பற்கள் சமையலுக்கு. வரிசைக்கு வரிசை 15 செ.மீ., பல்லுக்குப் பல் 7.5 செ.மீ. முளை நுனி மேலே பார்க்க வேண்டும், இரண்டு அங்குலத்துக்கு மேல் புதைக்கக் கூடாது. கூலி மிச்சம் என்று பற்களைத் தூவி மூடினால் பாதி தலைகீழாக விழும். தாள் வளைந்து வந்து பூண்டும் கோணலாகும்.

அடியுரமாக ஏக்கருக்கு 20 டன் மக்கிய தொழுவுரமும் 400 கிலோ வேப்பம் பிண்ணாக்கும். பிண்ணாக்கு சத்துக்காக மட்டுமல்ல, நூற்புழுவை அடக்கவும்தான். தழைச்சத்தில் ஏறத்தாழ பாதியை அடியுரத்தோடும் மீதியை 45ஆம் நாள் மேலுரமாகவும் கொடுத்து அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிந்திப் போடும் யூரியாவால் தாள் கொழுக்கும், திரண்ட பல்லே மறுபடி முளைவிடும், சேமிப்பிலும் சீக்கிரம் அழுகும். மேல்மலையில் நாங்கள் அதிகம் கேள்விப்படும் நஷ்டம் இதனால் வருவதுதான்.

மழைக்காலத்தில் பாத்தியில் தண்ணீர் நின்றால் அடியழுகல் நிச்சயம், ஆகவே சரிவை ஒட்டி வடிகால் எடுக்காமல் நடவு செய்யாதீர்கள். வெயில் நாட்களில் இலைப்பேன் பார்க்க, தாளின் நடுக்குருத்தைப் பிரித்துப் பாருங்கள். இலையில் வெள்ளிக்கோடு தெரியும்போது பேன் பெருகியாகிவிட்டது. 120 முதல் 130 நாளில் தாள் மஞ்சளாகிச் சாயும். அதற்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். பிடுங்கியதும் தாளை வெட்டாமல் நிழலில் உலர்த்தி, பிறகு கட்டு முடியலாம். தாளில் ஈரம் இருக்கும்போதே பரணில் ஏற்றினால் கட்டின் நடுவிலிருந்து அழுகத் தொடங்கும், வெளியே தெரியாது.

பூம்பாறையில் என்ன பார்க்க வேண்டும்?
(சென்னை வாசகர்)

ஊருக்கு வெளியே சாலையோரக் காட்சி முனையில் நின்றால் படிப்படியாக இறங்கும் வயல்களும் நடுவில் நெருக்கமாக வீடுகளும் தெரியும். பெரும்பாலானவர்கள் அங்கேயே படம் எடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே இறங்கி குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போங்கள். மூலவர், பழநி முருகனைப் போலவே, சித்தர் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்பது பக்தர்கள் நம்பிக்கை, பழநிக்கும் இதற்கும் அதனால்தான் உறவு சொல்கிறார்கள்.

படி வயல்களின் விளிம்பில் நடக்காதீர்கள். கல் அடுக்கிய விளிம்போ மண் வரப்போ, அதுதான் மேல்படியின் மண்ணைத் தாங்குகிறது. படம் எடுக்க நாலு பேர் ஏறி நின்று சரித்துவிட்டால், அடுத்த மழையில் கேரட் பாத்தியோடு கீழ்ப்படிக்கு வந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் போகிறவர்கள் விடியற்காலை வயலில் தண்ணீர் தெளிப்பதைப் பார்க்கலாம். அது பாசனமல்ல. இலை மேல் உறைந்த பனியை வெயில் ஏறுவதற்குள் கழுவிவிடாவிட்டால் உருளைச்செடி கருகிப்போகும்.

பேரிஜம் ஏரிக்கு நேராகக் காரில் போக முடியுமா?
(ஈரோடு வாசகர்)

வனத்துறை அனுமதியோடு மட்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு உண்டு. பகலிலேயே திரும்பிவிட வேண்டும். யானைக் கூட்டம் ஏரிப் பக்கம் வந்துவிட்டால் அன்று யாருக்கும் அனுமதி இல்லை, வாக்குவாதம் செய்து பயனில்லை. அந்த ஒரு நாளை மட்டும் நம்பித் திட்டம் போடாமல், மாற்றாக மன்னவனூரை வைத்துக்கொள்ளுங்கள். பேரிஜத்தில் படகு கிடையாது, குளிக்கவும் கூடாது. பெரியகுளம் மக்கள் குடிக்கும் தண்ணீர் அது. வரைபடத்தைப் பார்த்து அந்த வழியே மூணாறு போய்விடலாம் என்று கேட்பவர்களுக்கு: அந்தப் பழைய சாலை மூடியாகிவிட்டது.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டியவர் இலங்கையோடு தொடர்புடையவர் என்கிறார்களே? குறிஞ்சி அடுத்து எப்போது?
(யாழ்ப்பாணம் வாசகர்)

உண்மைதான். இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி எழுப்பிய கோயில் அது. அவர் பிறப்பால் ஐரோப்பிய வம்சாவளி, சைவத்தைத் தழுவியவர். குடமுழுக்கு 1936இல் நடந்தது. இப்போது பழநிக் கோயில் நிர்வாகத்தில் இருக்கிறது. மேகம் விலகிய நாளில் அங்கிருந்து பழநி மலை தெரியும்.

பன்னிரண்டு ஆண்டுக் குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்தது 2030. ஜூலை முதல் செப்டம்பர் வரை பார்க்கலாம். ‘இந்த ஆண்டே குறிஞ்சி’ என்று நடுவில் வரும் செய்திகள் முழுப் பொய்யல்ல. குறிஞ்சியில் பல இனங்கள், ஒவ்வொன்றுக்கும் பூக்கும் இடைவெளி வேறு. மலையே நீலமாவது மட்டும் பன்னிரண்டு ஆண்டுக் குறிஞ்சி பூக்கும் ஆண்டில்தான். அதுவும் புல்வெளி மிஞ்சியிருக்கும் சரிவுகளில். பைன், சீகை, தைலமரம் நட்ட இடங்களில் அடியில் குறிஞ்சி வராது.

மன்னவனூர் ஆராய்ச்சி மையத்திலிருந்து முயல் வாங்கி வளர்க்க ஆசை. எங்கள் ஊர் விருதுநகர்.
(விருதுநகர் வாசகர்)

அது மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம். கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கி.மீ. பாரத் மெரினோ செம்மறியும் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா முயல்களும் அங்கே உண்டு. முயல் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிப் பதிந்துவிட்டுப் போங்கள். கடையில் வாங்குவது போல நேரில் போய்க் கேட்டு வாங்க முடியாது.

ஆனால் விருதுநகர் வெயிலை யோசியுங்கள். இவை குளிர்ப் பிரதேசத்து முயல்கள். 32 டிகிரிக்கு மேல் வெப்பம் தொடர்ந்தால் ஆண் முயல்கள் தற்காலிகமாக மலடாகும். பெண் முயல் தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும், குட்டிகள் தேறாது. ஓட்டுக் கூரை, உயரமான கொட்டகை, சுற்றிலும் மரநிழல், நண்பகலில் நனைந்த சாக்கு என்று செய்தாலும் சித்திரை, வைகாசியில் இனச்சேர்க்கையை நிறுத்திவைப்பதே உத்தமம். தகரக் கூரை போட்டிருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

விருப்பாச்சி வாழையில் குருத்தெல்லாம் கொத்தாக நிற்கிறது. மருந்து சொல்லுங்கள்.
(பண்ணைக்காடு வாசகர்)

மருந்து இல்லை. அது முடிக்கொத்து நோய், வைரஸால் வருவது. கீழ்மலையின் விருப்பாச்சித் தோட்டங்களைக் காலி செய்தது இதுதான். பரப்புவது வாழை அசுவினி என்ற சிறு பூச்சி. நோய்கண்ட மரத்தைப் பார்த்ததும் அரிவாளை எடுப்பதுதான் பலரும் செய்வது. வெட்டியவுடன் அசுவினி பக்கத்து மரத்துக்குப் பறந்துவிடும், நோயும் கூடவே போகும். முதலில் குருத்திலும் இலைக்காம்பின் அடியிலும் பூச்சிமருந்து அடித்து அசுவினியைக் கொல்லுங்கள். பிறகு கிழங்கோடும் பக்கக்கன்றோடும் தோண்டி எடுத்து, துண்டாக்கி அழியுங்கள். கிழங்கில் ஒரு கண் மிஞ்சினாலும் நோயோடு முளைக்கும். மறுநடவுக்குத் தெரிந்தவர் தோட்டத்துப் பக்கக்கன்று வேண்டாம். வைரஸ் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றுக்குத் தடியன்குடிசை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். பழநிப் பஞ்சாமிர்தத்துக்கு இந்தப் பழம்தான் முறை என்பதால் விலைக்குக் குறைவில்லை.

வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரை அருவி வரை நடந்து இறங்கலாமா?
(கோவை வாசகர்)

சாலை வருவதற்கு முன் மலைக்கு ஏறிய பழைய தடம் அந்தப் பக்கம்தான். வனத்துறையிடம் விசாரித்து, உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும் இறங்குங்கள். மூச்சு வாங்குவது ஏறும்போது, முட்டி போவது இறங்கும்போது. கைக்கோல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளகவி ஊருக்குள் காலணி போட்டு நடப்பதில்லை. ஊர் எல்லையில் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தத் திட்டமே வேண்டாம். கும்பக்கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே வட்டக்கானலில் பெய்த மழை சற்று நேரத்தில் வெள்ளமாக வந்து விழும். அருவியை மூடுவது இதற்காகத்தான்.

மலைப்பாதையில் முதல்முறையாகக் கார் ஓட்டப் போகிறேன்.
(தஞ்சாவூர் வாசகி)

ஏறும் வண்டிக்கு வழிவிடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, கடைசி வளைவுகளில் பிடிக்காது. கருகல் வாடை வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பனிமூட்டத்தில் ஹைபீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோபீம் போதும். இரவில் சாலையில் காட்டுமாடு நின்றால் ஹாரன் அடிக்காமல் தள்ளி நிறுத்துங்கள், அது தானாக நகரும்.

பட்டர் ஃப்ரூட் வாங்கினால் ஊர் வருவதற்குள் கறுத்துவிடுகிறது.
(நாகர்கோவில் வாசகி)

கல்லாக இருப்பதையே வாங்குங்கள். காம்பு ஒட்டியிருக்க வேண்டும். வீட்டில் காகிதத்தில் சுற்றி ஒரு வாழைப்பழத்தோடு வைத்தால் நாலைந்து நாளில் பழுக்கும். காம்படியில் அழுத்தினால் அமுங்கும் பதம்தான் சாப்பிடும் பதம். பழுக்கும் முன் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கறுக்கும்.

கார் இல்லாமல் மேல்மலைக் கிராமங்களுக்குப் போக வழி உண்டா?
(அரியலூர் வாசகர்)

உண்டு. கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை வழித்தடங்களில் பேருந்து ஓடுகிறது. எண்ணிக்கை குறைவு, மழையில் மரம் சாய்ந்தால் தாமதமாகும். ஏறும்போதே நடத்துநரிடம் திரும்பும் கடைசிப் பேருந்து எப்போது என்று கேட்டுக்கொண்டு, அதற்கு முந்தையதில் திரும்புங்கள். சில்லறை வேண்டும், கம்பளி வேண்டும், ஜன்னலோர இருக்கை வேண்டுமானால் கால் மணி நேரம் முன்னதாக வர வேண்டும்.